விரலில் ஒட்டிய தக்காளிப் பிசுக்கு

அல்சூர் வீட்டு மொட்டை மாடியில் ஆறு தொட்டிகளில் தக்காளி வைத்திருக்கிறேன். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு வந்தால் விரலெல்லாம் பிசுபிசுக்கும், பச்சையாகக் கறை பிடிக்கும். சோப்புப் போட்டால் நுரையே மஞ்சளாக வரும். நேற்று அதைப் பார்த்த கீழ்வீட்டு அக்கா, "என்னம்மா, செடிக்குக் கெமிக்கல் அடிச்சியா?" என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லைக்கா, இது செடியே தயாரித்த கெமிக்கல்.

தண்டிலும் இலையிலும் இருக்கும் பொடி ரோமங்களின் நுனிதான் அதன் சமையற்கட்டு. அங்கே நொதிகள் சுக்ரோஸை எடுத்து, அதன்மேல் கொழுப்பு அமிலத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டுகின்றன. அசைல் சர்க்கரை என்று பெயர். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் இது ஆகவே ஆகாது. பெரு நாட்டின் வறண்ட சரிவுகளில் வளரும் சொலானம் பெனெல்லி என்ற காட்டுத் தக்காளியில் இது இன்னும் எக்கச்சக்கம். நொதிக் குடும்பம் என்னவோ ஒன்றுதான். ஆனால் சில அமினோ அமிலங்கள் மாறியதில் துண்டுகளை ஒட்டும் வரிசையே மாறி, வேறு வகைச் சர்க்கரைகள் வருகின்றன. எனக்கு இதைப் படித்தபோது சிலிர்த்தது.

கசப்பின் கதையும் அப்படித்தான். தக்காளி, உருளைக்கிழங்கு இரண்டும் கொலஸ்ட்ராலில் இருந்துதான் கசப்பைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. நொதிகள் வழி பிரிய, ஒன்றில் டொமாட்டின், மற்றதில் சோலனைன் என்று கசப்பான நச்சுப் பொருள்கள் வருகின்றன. தக்காளி பழுக்கும்போது வேறு நொதிகள் வந்து டொமாட்டினைக் கசப்பில்லாத பொருளாக மாற்றிவிடுகின்றன. உருளைக்கிழங்கில் அந்த வசதி இல்லை. வெளிச்சம் பட்டுப் பச்சையானால் சோலனைனும் கூடும், வேகவைத்தாலும் போகாது. 1967இல் அமெரிக்காவில் லெனாபே என்று ஒரு ரகம் வந்தது. சிப்ஸுக்கு அருமையான கிழங்கு. சோலனைன் அதிகம் என்று தெரிந்து 1970இல் திரும்பப் பெற்றார்கள். யாரும் எதையும் தெளித்ததால் வந்த வினை இல்லை அது.

அதனால்தான் 'கெமிக்கல் இல்லாத காய்கறி' என்று கடைகளில் போர்டு பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கெமிக்கல் இல்லாத கத்தரிக்காய் இந்த உலகத்தில் கிடையாது. எது, எவ்வளவு, யார் போட்டது என்று கேட்கவேண்டிய இடத்தில் அந்த ஒற்றைச் சொல் நம் வாயை அடைத்துவிடுகிறது. பூச்சிமருந்து மிச்சம் பற்றிய கவலை நியாயமானது, எனக்கும் உண்டு. அந்தக் கவலைக்கு ஒரு வழியே இந்தப் பிசுக்கில் இருக்கிறது. காட்டுத் தக்காளியின் அசைல் சர்க்கரையை நம் தக்காளிக்குக் கொண்டுவர ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் கலப்பினம் செய்து பார்க்கிறார்கள். செடி தானே கூடுதலாகத் தயாரித்துக்கொண்டால் நாம் தெளிப்பது குறையும். அப்படி ஒரு விதை வந்தால் முதல் ஆளாக வாங்கி என் தொட்டியில் போடுவேன்.

அப்புறம், அக்கா கூடையில் பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு இரண்டு கிடந்தது. அதை மட்டும் குப்பையில் போடச் சொன்னேன்.