செண்டர் ஸ்டாண்டின் காதுகள் எங்கே?

இத்தாலிய மோட்டார்சைக்கிள் நிறுவனமான டுகாட்டி தன் சொந்த அணிக்காகக் கட்டிய 1972ஆம் ஆண்டின் 750 பந்தய வண்டி ஒன்று, முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு, ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்திருப்பதாக நண்பர் ஒருவர் அறிவிப்பை அனுப்பியிருந்தார். வாங்கும் வசதி எனக்கு ஏழு பிறவியிலும் வாய்க்கப் போவதில்லை. இருந்தாலும் பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால், எல்லாப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

அந்த வண்டிக்கு இருக்கும் மதிப்பெல்லாம் 1972 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் இமோலாவில் முதல்முறையாக நடந்த 200 மைல் பந்தயத்திலிருந்து வந்தது. அன்றைய உலகச் சாம்பியன் ஜாக்கோமோ அகோஸ்தினி எம்வி அகுஸ்தா நிறுவனத்தின் வண்டியோடு வந்து நின்ற அந்தக் களத்தில், அதுவரை சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கே பெயர் பெற்றிருந்த டுகாட்டி, பால் ஸ்மார்ட், புரூனோ ஸ்பஜ்ஜாரி என்ற இரு ஓட்டுநர்களைக் கொண்டு முதலிரண்டு இடங்களையும் பிடித்தது. இன்ஜின், டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி வடித்த 748 சி.சி. இரட்டை சிலிண்டர். வழக்கமான இன்ஜினில் வால்வைத் திறப்பது கேம் என்னும் சுழலும் மேடுள்ள துண்டு, மூடுவது ஸ்பிரிங்; தாலியோனியின் டெஸ்மோ அமைப்பிலோ திறப்பதற்கு ஒரு கேம், இழுத்து மூடுவதற்கு இன்னொரு கேம். வேகம் ஏற ஏற ஸ்பிரிங் தடுமாறி வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும் தொல்லை அதில் கிடையாது. இதை 1956லேயே 125 சி.சி. பந்தய வண்டியில் செய்து காட்டியவர் அவர்.

இன்ஜினுக்குள் இத்தனை நுட்பம் இருக்க, ஃப்ரேமின் கதை வேறு. சாலையில் ஓடும் 750 ஜிடி வண்டிக்கான ஃப்ரேமையே எடுத்து அவசர அவசரமாகப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். பந்தய வண்டிக்குச் செண்டர் ஸ்டாண்டு எதற்கு? ஆனாலும் அதை மாட்டுவதற்கான காதுகள் ஃப்ரேமின் அடியில் வெட்டப்படாமல் அப்படியே நின்றன. உலகின் கண்ணில் டுகாட்டியை வேறொரு நிறுவனமாக மாற்றிய வண்டியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரும்புத் துண்டுகளைத்தான் அந்த வண்டியின் கையெழுத்தாக நான் நினைக்கிறேன். விற்பனைக்கு வந்திருக்கும் வண்டியிலோ, பக்கவாட்டுப் படங்களில் தெரிகிற அளவில், அந்த இடம் குழந்தையின் கன்னம் போல வழவழப்பாக இருக்கிறது. புதுப்பித்தவர் அரத்தால் ராவி எடுத்துவிட்டாரா, அல்லது ஃப்ரேமே வேறா? இரண்டில் எது நடந்திருந்தாலும் போனது சாட்சி.

இந்தச் சந்தேகம் குதர்க்கம் அல்ல. ஃப்ரேமின் மூலம் சாலை வண்டி என்பதாலேயே, பழைய ஜிடி ஒன்றை வாங்கி, ஃபைபர் டேங்கும் பந்தய முகப்பும் பொருத்தி, இன்ஜினில் டெஸ்மோ சிலிண்டர் தலைகளை ஏற்றினால் தூரத்துப் பார்வைக்கு அசலும் நகலும் ஒன்றுதான். நகல் என்று சொல்லி விற்றால், நகல் செய்வது குற்றமில்லை. 1974இல் தொழிற்சாலையே சூப்பர் ஸ்போர்ட் என்ற பெயரில் 401 வண்டிகளை அதே சாயலில் கட்டி விற்றது. அவற்றை யாரும் பொய் என்பதில்லை.

டேங்கையும் பாருங்கள். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று ஓட்டுபவர் குனிந்து பார்த்துக்கொள்வதற்காக, அசல் ஃபைபர் டேங்கில் பெயின்ட் பூசாத கோடு ஒன்றை விட்டிருப்பார்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ஃபைபரின் பிசினை இளக்கிவிடும் என்பதால் (எத்தனாலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை) ஓடுகிற வண்டிக்குப் புது டேங்க் போடுவது நியாயமே. அப்படியென்றால் புது டேங்க் என்று எழுத வேண்டும், பழையதைக் கூடவே தர வேண்டும். அறிவிப்பில் இருப்பதெல்லாம் "தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே" என்ற ஒரே வரி.

அந்த வரிதான் என் கோபத்துக்கு மூலம். தொழிற்சாலை அணியின் வண்டி எந்த நாளிலும் ஒரே நிலையில் இருந்ததில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் பிஸ்டன் மாறும், கார்புரேட்டர் மாறும், விழுந்தால் முன்ஃபோர்க்கும் மாறும். ஆகவே ஒவ்வொரு போல்டும் அசலாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை; எது மாறியது, எப்போது, ஏன் என்ற கணக்கைத்தான் கேட்கிறேன். பிரிப்பதற்கு முன் எடுத்த படங்கள், கழற்றிய பாகங்கள் நிறைந்த ஒரு பெட்டி, இன்ஜின் எண்ணின் தெளிவான படம், இவை மூன்றும் இருந்தால் கீறலும் துருவும் உள்ள வண்டிக்கே நான் கூடுதல் விலை மதிப்பேன்.

"புதுப்பித்தபின் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது" என்பதையும் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். கேம்களைச் சுழற்றும் சாய்வுப் பற்சக்கரங்களின் பின்னால், இடைவெளியைச் சரிசெய்யும் காகிதத்தனை மெல்லிய ஷிம் தகடுகளை வைத்துப் பார்த்து, கழற்றி, மறுபடி வைத்து, நாள்கணக்கில் சரிசெய்ய வேண்டிய இன்ஜின் அது. ஓட்டிச் சூடேற்றிக் காது கொடுத்துக் கேட்காமல், அந்த வேலை சரியாக நடந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

மனம் பொறுக்காமல் விற்பவருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: ஃப்ரேமின் அடிப்பாகத்தை, ஸ்டாண்டு மாட்டும் இடம் தெரியும்படி, படம் எடுத்து அனுப்ப முடியுமா? மறுநாளே பதில் வந்தது. மாலை வெயிலில் மினுங்கும் டேங்கின் படம், இரண்டு கோணங்களில்.