கட்டடம் காணும், பின்னேரம் கதவைத் திறக்க ஆள் வேணும்

யாழ்ப்பாணத்தில் வடமராட்சியிலோ வலிகாமத்திலோ ஒரு சனசமூக நிலையத்துக்குக் கட்டடமே இல்லை என்று இப்போது கேள்விப்படுவது குறைவு. காணி கொடுக்க ஆள் இருக்கிறது, சீமெந்துக்கும் ஓட்டுக்கும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வருகிறது, திறப்பு விழாவுக்குப் பொன்னாடையும் மேளமும் வருகிறது. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் விழா முடிந்து சில மாதம் போன பிறகு ஒரு பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். கதவில் பூட்டு. அந்தப் பூட்டின் திறப்பு செயலாளர் வீட்டில், செயலாளர் வேலைக்குப் போய் இன்னும் வரவில்லை. வெளியே மதகில் பெடியள் நாலு பேர் இருந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், இன்றைக்கு நீளமாகவே எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களிடம் அநேகமாக ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு சனசமூக நிலையம் இருக்கும், வயதானவர்கள் இன்னும் வாசிகசாலை என்றுதான் சொல்வார்கள். பிரதேச சபையில் பதிந்திருப்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை, வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். ஒரு மண்டபம், நீட்டு மேசையில் அன்றைய பத்திரிகைகள், ஒரு அலுமாரி புத்தகம், ஒரு கரம் போட். பல இடங்களில் காலையில் அதே மண்டபத்தில் முன்பள்ளி நடக்கும், பின்னேரம் பக்கத்து வெளியில் விளையாட்டுக் கழகப் பெடியள் பந்து அடிப்பார்கள். செத்தவீடு என்றால் கதிரையும் கொட்டகையும் இங்கேயிருந்துதான் போகும். பெரும்பாலும் எல்லாரும் தொண்டுக்குச் செய்கிறவர்கள்.

வாசிக்கிற பழக்கம் எங்களுக்குப் பெரிய கட்டடத்தில் இருந்து வந்ததில்லை. 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் வைத்துத்தான் புத்தகம் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குப் போனது. அந்த அறைதான் வளர்ந்து வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகம் ஆனது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அதை எரித்தார்கள். வருடா வருடம் ஜூன் முதலாம் திகதி நாங்கள் எல்லாரும் அதைப் பற்றிப் பதிவு போடுகிறோம், நானும் போடுகிறேன், போடத்தான் வேண்டும். அதே ஆத்திரத்தில் ஒரு பங்கையாவது, எங்கள் ஒழுங்கை முடிவில் பூட்டிக் கிடக்கிற வாசிகசாலையின் மேல் நாங்கள் வைக்கக்கூடாதா?

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிலையம் இருக்கிறது, எங்களுடையதுதான். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம், அவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா நாலு மணிக்குக் கதவைத் திறப்பார், முதலில் முற்றம் கூட்டுவார், பிறகு உதயனையும் வலம்புரியையும் மேசையில் விரித்துவைப்பார். அடுத்த அரைமணிக்குள் வயதானவர்கள் வந்து மரண அறிவித்தல் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்குவார்கள். நாலரைக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள், பாயில் இருந்து புலமைப்பரிசில் பரீட்சையின் பழைய வினாத்தாள் செய்வார்கள். படிப்பித்தது உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த ஒரு பிள்ளை. எங்கள் நாட்டில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தை ஊருக்குக் கொடுக்கலாம் என்று அவவுக்குத் தோன்றியிருக்கிறது. அவ ஒரு வேலை செய்வா, எனக்கு அது நல்ல விருப்பம்: முதல்நாள் பேப்பரில் ஒரு செய்தியைக் கொடுத்து, விளங்காத சொல்லின் கீழ் எல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்லுவா. பிறகு அந்தச் சொல்லைப் பிள்ளைகள் மேசையில் இருக்கிற தாத்தாமாரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வர வேண்டும். "தாத்தா, இடைக்காலத் தடையுத்தரவு எண்டால் என்ன?" என்று ஒரு பத்து வயதுப் பெடியன் கேட்க, ஒரு மேசையே சேர்ந்து விளக்கம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதற்கு எந்த ரியூட்டரியில் காசு கட்டிப் போவது?

அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் படிக்க இடமில்லை. சிலருக்கு வீட்டில் லைற் இல்லை, பில் கட்டாமல் வெட்டிவிட்டார்கள். சிலரின் தாய் மட்டும்தான் உழைக்கிறா, இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவா, அதுவரைக்கும் பிள்ளை எங்கே நிற்குது என்ற பயம் அந்தத் தாய்க்கு இல்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பேன்.

பெரியவர்களுக்கும் அப்படித்தான். 2023இல், வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கிற சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தபோது பெயர் விடுபட்ட சனம் எவ்வளவு அலைந்தது. மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள், ஒன்லைனில் செய்யலாம் என்றார்கள். அறுபது வயது அம்மா ஒன்லைனுக்கு எங்கே போவா? இந்த நிலையத்தில் உயர்தரம் படிக்கிற பெடியள் இரண்டு பேர் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருந்து, வந்த ஆட்களுக்கு எல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். கந்தோருக்கு ஒரு நாள் போய் வருவதென்றால் அந்த அம்மாவுக்கு அன்றைய கூலி இல்லை. நுண்கடன் கம்பனிக்காரன் வாசலில் வந்து நின்று சத்தம் போட்ட காலத்தில், கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துச் சொன்னதும் இதே மேசையில்தான்.

இனி இளம் பெடியளின் விஷயம். ஐஸ், ஹெரோயின், மாவா போன்ற போதைப்பொருள் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். பொலிஸ் பிடிக்கட்டும், நீதிமன்றம் தண்டிக்கட்டும், அது அவர்களின் வேலை. ஊரின் வேலை வேறு. பதினாலு வயதில் இருந்து இருபது வயது வரைக்கும் ஒரு பெடியனுக்குப் பின்னேரம் நாலு மணியில் இருந்து எட்டு மணி வரைக்கும் போக எங்கே இடம் இருக்கிறது? ரியூசன் இருக்கிறது, காசு உள்ளவனுக்கு. விளையாட்டுக் கழகம் இருக்கிறது, அணியில் எடுபடுகிறவனுக்கு. நன்றாக ஓடுகிறவனையும் நன்றாகப் படிக்கிறவனையும் எல்லாரும் கவனிக்கிறார்கள், இரண்டும் வராதவன்தான் மதகில் இருக்கிறான், அவனிடம்தான் யாரோ வந்து முதல் பக்கெற்றைச் சும்மா கொடுக்கிறான். கழகங்கள் மின்னொளியில் சுற்றுப்போட்டி வைப்பதற்கு லட்சக் கணக்கில் சேர்க்கின்றன. அதில் ஒரு சின்னப் பங்கை எடுத்து, அணியில் இல்லாத பெடியளுக்குக் கிழமையில் இரண்டு நாள் கரப்பந்து என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, றோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைக் கழகங்களுக்கு வருகிறேன். அவர்களைக் குறை சொல்வது எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், பணக்காரரின் கழகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் வந்து, பார்வை இல்லாதவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டா. நூறு வருடம் ஆகிறது, இன்றைக்கும் எங்கள் ஊரில் லயன்ஸ் என்றால் கண் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி, வெண்புரை சத்திரசிகிச்சை. றோட்டரி 1985இல் போலியோவைக் கையில் எடுத்தது, இன்னும் விடவில்லை. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். அதற்குப் பிறகும், இந்தத் தீவில் சண்டை நடந்த வருடங்களிலேயே, சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரண்டு தரப்பும் துவக்கை நிறுத்திய நாட்கள் இருந்தன. அரச சுகாதாரப் பகுதி, யுனிசெவ், றோட்டரி என்று பலர் சேர்ந்து பிடித்த வேலை அது. ஒரே ஒரு வேலையைத் தெரிந்தெடுத்து, பத்து வருடம், இருபது வருடம், நாற்பது வருடம் என்று விடாமல் செய்தார்கள். அதனால்தான் இந்தத் தீவில் அது முடிந்தது.

அதே பாரம்பரியத்தில் வந்தவர்கள் ஊருக்குள் வரும்போது ஏன் ஒரு நாள் நிகழ்வோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். சைக்கிள் கொடுக்கிறார்கள், மிக நல்லது, தூரத்தில் இருந்து வருகிற பிள்ளைக்குச் சைக்கிள் இருந்தால் பாடசாலை வரவு கூடும் என்பது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் கொடுத்த சைக்கிளின் ரியூப் வெடித்தால் மாற்ற அந்த வீட்டில் காசு இருக்கிறதா என்று மூன்று மாதம் கழித்து யாரும் கேட்பதில்லை. அப்புறம் அந்தப் படம். தகப்பனை இழந்த ஒரு பெண்பிள்ளையைப் பதாகைக்கு முன்னால் நிறுத்தி, நாலு பேர் சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் அன்றிரவே முகநூலில் வந்தது. அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மனம் வரவில்லை. எந்தக் கழகம் என்பது முக்கியம் இல்லை, அநேகமாக எல்லாரும் செய்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றால் அதிபரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், சைக்கிளை மட்டும் படம் எடுங்கள். வாங்குகிற பிள்ளையின் முகம் உங்களுக்கு எதற்கு?

காசு விஷயத்துக்கு வருகிறேன். நிலையங்கள் மூடிக் கிடப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் ஏற்றினார்கள், 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம். பிறகு குறைத்தார்கள்தான், ஆனால் அந்த நேரத்தில் லைற்றை அணைத்த பல நிலையங்கள் திரும்பப் போடவே இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டோடு பத்திரிகை விலையும் ஏறியது, மூன்று பேப்பர் எடுத்த இடத்தில் ஒன்று எடுக்கிறார்கள். போய்க் கேட்கலாம் என்றால் பிரதேச சபைகளில் 2023 மார்ச்சில் இருந்து 2025 மே தேர்தல் வரைக்கும் தெரிவான உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. முன்பள்ளி ரீச்சருக்குக் கிடைக்கிற கொடுப்பனவைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பஸ் காசுக்கும் பின்னேரத் தேத்தண்ணிக்கும் மேல் பெரிதாக மிஞ்சாது.

இதெல்லாம் பெரிய தொகை இல்லை. மின்பில், இரண்டு பேப்பர், நாலு மணியில் இருந்து எட்டு மணி வரைக்கும் கதவைத் திறந்து பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆளுக்கு ஒரு கொடுப்பனவு, ரீச்சருக்கு ஒரு மேலதிகத் தொகை. ஒரு அலங்கார வளைவுக்கு ஆகிற செலவில் இது பல மாதம் ஓடும். ஆனால் மின்பில்லுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது, அதனால் கேட்டால் தருகிற ஆள் குறைவு. வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களில் இருக்கிற அண்ணாமார், அக்காமார் கோபிக்கக்கூடாது. நீங்கள் பனியில் இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், அது பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடக்கக்கூடாது. காசைத் தின்றுவிடுவார்கள் என்ற உங்கள் பயமும் நியாயமானது, அப்படி நடந்த இடங்களும் இருக்கின்றன. இரண்டு கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம் என்று வங்கிக் கணக்கை வையுங்கள், மாதக் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள், அதையே வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். ஒழுங்காக நடக்கிற நிலையங்கள் இதை ஏற்கனவே செய்கின்றன.

இன்னும் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை. முதலாவது, பொம்பிளைப் பிள்ளைகள். முன்பள்ளிக்கு வருவார்கள், ஐந்தாம் தரம் வரைக்கும் வருவார்கள், பிறகு காணவே கிடைக்காது. பின்னேரம் ஆம்பிளைகள் நிற்கிற இடம் என்று வீட்டில் விடமாட்டார்கள். ஒரு ஒழுங்கான கழிப்பறை, ஒழுங்கையில் ஒரு லைற், அவர்களுக்கென்று ஒரு நேரம், நிர்வாகசபையில் பெண்கள் இரண்டு மூன்று பேர், இவ்வளவும் இருந்தால் வருவார்கள், வந்த இடங்களைக் கண்டிருக்கிறேன். மாதர் சங்கம் வேறு, சனசமூக நிலையம் வேறு என்று பிரித்து வைத்திருப்பதை முதலில் விட வேண்டும்.

மற்றது சாதி. ஒரே ஊரில் கூப்பிடு தூரத்தில் இரண்டு நிலையம் ஏன் இருக்கிறது என்று வெளியாள் கேட்டால் "அது வேற குறிச்சி" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். உண்மை என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்களில் பலருக்கும் தெரியும். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனியாகக் காசு கொடுப்பதற்குப் பதிலாக, இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் ஒரே மாலை வகுப்பு என்றால் மட்டும் தருவோம் என்று ஒரு ஊர்ச் சங்கம் சொல்லட்டும். சத்தம் வரும், வரட்டும்.

தொண்டுக்குச் சம்பளமா என்று எங்கள் நிர்வாகசபையிலேயே கேட்கிறார்கள். மேலே சொன்ன அந்தப் பிள்ளைக்கு அனுமதி கிடைத்தது, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டா, போகத்தானே வேண்டும். அதோடு வகுப்பு நின்றது. அவவின் இடத்துக்கு வரக்கூடிய பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் கடையில் நின்றால் கையில் நாலு காசு வரும், வீட்டுக்கு அது தேவை. அந்தப் பிள்ளையிடம் போய்த் தொண்டு செய் என்று கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை. வருகிற பொதுக்கூட்டத்தில் மாலை வகுப்புக்கு ஒரு ஆளை மாதக் கொடுப்பனவோடு நியமிப்பது என்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். முதல் வருடத்தை ஏற்க யாராவது முன்வந்தால் தை மாதமே தொடங்கலாம். தொகை எவ்வளவு, கணக்கு எப்படி என்பதைப் பொருளாளர் எழுதிவைத்திருக்கிறார், உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.