இராஜதந்திரிகளின் வகுப்பறை வன்னிக்கு வரட்டும்

ஏ9 வீதியால் வெள்ளை வாகனங்களில் வந்துபோன இராஜதந்திரிகளைப் பார்த்தே வன்னியில் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. 2002 பெப்ரவரியில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு, மத்தியஸ்தம் செய்த நோர்வேயின் எரிக் சொல்ஹெய்ம், யப்பானின் யசூஷி அகாஷி, ஐரோப்பிய ஆணையாளராக இருந்த கிறிஸ் பற்றன் என்று, புலிகளின் நிர்வாக மையமாக இருந்த கிளிநொச்சிக்கு வந்தவர்களின் பட்டியல் நீண்டது. பேச்சுவார்த்தை நடத்தும் கலையில் தேர்ந்தவர்கள் அவர்கள். இருந்தும் 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகவேண்டாம் என்று வாசலில் நின்று மன்றாடிய சனத்துக்குச் சொல்ல உலகத்திடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. இறுதிப் போரில் மக்களைக் காக்கத் தவறியதை ஐ.நா.வின் உள்ளக மீளாய்வுக் குழுவே 2012 இல் எழுதிவைத்தது. ஆகவே, இளம் இராஜதந்திரிகளுக்குச் சர்வதேச ஒத்துழைப்பின் வழியாகவும் மத நல்லிணக்கத்தின் வழியாகவும் அமைதியைக் கட்டியெழுப்பும் பயிற்சி வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அதை வரவேற்றுக்கொண்டே நான் கேட்க விரும்புவது, அவர்களுக்கு எங்கே வைத்து எதைக் கற்பிக்கப் போகிறார்கள் என்பதைத்தான்.

பயிற்சிக்கூடங்களுக்கு உலகில் குறைவில்லை. வியன்னாவில் 1754 இலேயே அதற்கென ஒரு கழகம் தோன்றிவிட்டது; ஐ.நா.வின் பயிற்சி நிறுவனம் 1993 முதல் சமாதான முயற்சிக்கென்றே தனிப் பயிற்சி நடத்திவருகிறது; நமது வெளிநாட்டுச் சேவை அதிகாரிகளுக்குக் கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேச இராஜதந்திரப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால், மத நல்லிணக்கம் என்ற பெயரில் இங்கே நடக்கும் செயலமர்வுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு பிக்குவும் ஒரு ஐயரும் ஒரு அருட்தந்தையும் ஒரு மௌலவியும் சேர்ந்து குத்துவிளக்கேற்றிப் படமெடுத்துக்கொண்டால் அன்றைய காரியம் பெரும்பாலும் முடிந்துவிடும். (மதியச் சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.) அந்த நால்வருக்குள்ளும் முன்பும் பிணக்கு இருந்ததில்லை. பிணக்குள்ளவர்களை யாரும் அழைப்பதில்லை.

அழைக்கப்படாதவர் யார் என்று தேடிப் பார்க்கப் பழக்குவதே முதற் பாடமாக இருக்கவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரம் வரையான முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு, மன்னார் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். 2002 ஏப்ரலில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் சந்தித்து அந்த மக்கள் திரும்பிவருவது குறித்து இணக்கம் கண்டார்கள். ஆயினும் அரசும் புலிகளும் அமர்ந்த பேச்சு மேசையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக இடம் கிடைக்கவில்லை. ஹக்கீம் அரச குழுவில் ஒருவராகவே அமர்ந்தார். மறுபுறத்தில், தெற்கின் பௌத்த சங்கத்தினருக்கு உள்ள செல்வாக்கை மத்தியஸ்தர்கள் உரிய காலத்தில் எடைபோடவில்லை என்பது என் கணிப்பு. 2004 தேர்தலில் சிங்கள பௌத்தத் தேசியவாதக் கட்சியான ஜாதிக ஹெல உறுமய பிக்குகளை நிறுத்தி 9 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டு, ஆழிப்பேரலை நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் சேர்ந்து அமைக்கவிருந்த பொதுக் கட்டமைப்பை எதிர்த்துப் பிக்கு ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார். கைச்சாத்தாகிச் சில வாரங்களிலேயே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. இதோடு மொசாம்பிக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகமும் பெய்ரா நகரின் பேராயரும் இத்தாலிய அரசின் பிரதிநிதியும் சேர்ந்து, உரோமையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பேசவைத்து, 1992 ஒக்டோபரில் உடன்படிக்கை காணச் செய்தார்கள். மதத்தைச் சார்ந்தவர்களைத் திறப்பு விழாவோடு அனுப்பிவிடாமல் மேசையிலேயே இருத்திய முயற்சி அது.

இரண்டாவது பாடத்துக்கு முல்லைத்தீவுக்கு வரவேண்டும். குருந்தூர்மலையில் ஆதி ஐயனாரை வழிபட்டுவந்த மக்களுக்கும், அங்குள்ள பழைய பௌத்த எச்சங்களைக் காட்டி விகாரை எழுப்புகிறவர்களுக்கும் உள்ள பிணக்கை, வெளியிலிருந்து வருபவர் 'இந்து, பௌத்த முரண்பாடு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார். இங்குள்ள எந்தச் சைவரும் புத்தரை வெறுத்ததால் வந்த வினை அல்ல அது. தொல்லியல் திணைக்களம் எதுவரை எல்லை போடுகிறது, அந்த எல்லைக்குள் அகப்படும் வயற்காணி யாருடையது, புதுக் கட்டுமானம் கூடாது என்று 2022 இல் முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகும் வேலை எப்படி நடந்தது, வழக்கை விசாரித்த நீதிபதி 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தல் இருப்பதாகக் கூறிப் பதவி விலகி ஏன் நாட்டைவிட்டுப் போனார், பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை இவற்றுக்கெல்லாம் எப்படி நிழல் கொடுக்கிறது என்பவற்றை ஒன்றாக வைத்து வாசிக்கத் தெரியவேண்டும். நீதிமன்றக் கட்டளை மதிக்கப்படாத இடத்தில் சகித்துப் போங்கள் என்று சொல்வது, எப்போதும் நலிந்த தரப்பைப் பார்த்துச் சொல்லப்படும் புத்திமதியாகவே முடிகிறது.

அதே வாகனத்தை மன்னார்ப் பக்கமும் திருப்பவேண்டும். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் போடப்பட்ட வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். இரு தரப்பும் தமிழர். போரில் ஒரே பதுங்குகுழிகளுக்குள் இருந்து வந்தவர்கள். முல்லைத்தீவில் மீளக் குடியேற வந்த முஸ்லிம் குடும்பங்களுக்குக் காணி கொடுப்பதை எதிர்த்தவர்களும் நம்மவர்களே. வருகிற வெள்ளைக்காரருக்கு நமக்கு நேர்ந்த அநீதியை மட்டும் காட்டி அனுப்பவேண்டும் என்ற விருப்பம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்கு நான் உடன்படமாட்டேன். மறைத்ததை அவர்கள் வேறு யாரிடமாவது கேட்டறிவார்கள், பிறகு நாம் சொன்ன உண்மைகளையும் நம்பமாட்டார்கள்.

சர்வதேச ஒத்துழைப்பு இங்கே பலன் தந்ததற்குக் கண்ணிவெடி அகற்றலைச் சுட்டலாம். யப்பான், பிரித்தானியா, அமெரிக்கா, நோர்வே ஆகியவற்றின் நிதியில், உள்ளூர்ப் பெண்களும் முழங்காலில் நின்று, முகமாலை போன்ற இடங்களில் அடியடியாக மண்ணைத் துப்புரவாக்கினார்கள். நிதி பல ஆண்டுகள் தொடர்ந்து வந்ததால்தான் அது இயலுமாயிற்று. மூன்று ஆண்டில் இடம் மாறிப்போகும் தூதரக அதிகாரிக்கு அந்தக் கால அளவு உறைக்கவேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு இது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தைக் களமாகக் கொண்டு, நமது வெளிநாட்டுச் சேவைக்குத் தெரிவானவர்களும் கொழும்பில் பணியாற்ற வரும் பிறநாட்டு இளம் அதிகாரிகளும் மூன்று மாதங்களாவது வன்னியில் தங்கிப் பயிலவேண்டும். சிங்கள அதிகாரிகள் தமிழையும், தமிழ் அதிகாரிகள் சிங்களத்தையும் அப்போதே படிக்கட்டும். மொழிபெயர்ப்பாளரைக் கச்சேரி, அதாவது அரசின் மாவட்டச் செயலகம், ஒழுங்குசெய்யக்கூடாது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டம் தொடங்கிய நாள் முதல் எத்தனையோ தூதரகத்தார் வந்து குறிப்பெடுத்துப் போயிருக்கிறார்கள். என்ன எழுதினார்கள் என்று அந்தத் தாய்மாருக்கு இன்றுவரை தெரியாது. பயிலும் ஒவ்வொருவரும் தாம் எழுதிய அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்து, தாம் சந்தித்த மக்களின் முன்னால் வாசிக்கவேண்டும். அவர்கள் பிழை சொன்னால் அதைத் திருத்திய பிறகே சான்றிதழ் வழங்கப்படவேண்டும்.