யார் முதலில் இறங்கி வந்தது என்று அவரிடம் கேட்காதீர்கள்

சொந்தக்காரர்களே, ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீட்டுப் பந்தியில் உங்களில் ஒரு பெரியவர் அப்பாவிடம் கேட்ட கேள்வி இன்னும் நெஞ்சில் தைக்கிறது. "கடைசியில யாருப்பா முதல்ல எறங்கி வந்தது, நீயா அவனா?" இலையில் சோறு அப்படியே இருக்க, அப்பா கை கழுவ எழுந்துவிட்டார்.

நானும் அப்பாவும் பல வருஷம் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூர் அத்தைக்கு முடியவில்லை என்று என் வண்டியில் சேர்ந்து போனதும் தெரியும். (எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்தோடு இருந்த ஊர். மலை தாண்டிப் பெண் கொடுப்பது எங்களுக்குப் புதிதில்லை.) அதற்கு மேல் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

அந்தப் பயணத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில், பக்கத்து சீட்டில் இருந்தவரின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. "ஏல, செகண்டுக்கு மாத்து." வண்டியில் ஏறியதிலிருந்து அவர் பேசியது அதுதான் முதல். மாற்றினேன். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கொல்லத்துக்கு லாரி ஓட்டியவர். எல்லை தாண்டி ஆரியங்காவு வந்ததும் தானாகவே சொன்னார்: 2017-இல் ஜிஎஸ்டி வரும்வரை வணிகவரிச் சாவடியில் வரிசை நகரவே நகராதாம். தக்காளி அழுகிவிடுமோ என்று ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் லாரிக்கு அடியில் படுத்திருப்பாராம். அவர் வீட்டுக்கு வராத ராத்திரிகள் எங்கே போயின என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அக்கறையில்தான் கேட்டோம் என்பீர்கள். என் கல்யாணத்துக்கு அவர் வராதபோது மண்டபத்தில் அதையே பேசிப் பேசிச் சாப்பிட்டீர்களே, அப்போது ஒருவராவது அவர் வீட்டுப் படியேறி "என்னப்பா" என்று கேட்டீர்களா? பெரியவர் கேட்டால் என்ன என்கிறார்கள். வயதுக்கு மரியாதை உண்டு. சாப்பிடுகிறவரை எழுப்பிவிடும் கேள்விக்குக் கிடையாது.

குடும்ப விஷயத்தை முகநூலில் எழுதலாமா? பந்தியில் கேட்கலாம் என்றால் இங்கே எழுதலாம்.

எல்லாம் ஆறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சில விஷயங்களை நாங்கள் தொடவே இல்லை, தொடாமலே போகலாம். புனலூர் போய் வந்த பிறகு அவரே போன் பண்ண ஆரம்பித்திருந்தார். ஆயில் மாத்தினியா, டயர்ல காத்து பாத்தியா, அவ்வளவுதான் பேச்சு. காதுகுத்துக்கு அப்புறம் அந்தப் போனும் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஒரு வாய்ப் பேச்சில் எதைக் கெடுத்தீர்கள் என்று உங்களுக்குப் புரிகிறதா?

இன்னும் கேட்க வேண்டும் என்று இருந்தால் என்னிடம் வாருங்கள். அவரிடம் போகாதீர்கள்.