பென்டிரைவில் சாம்ப்ளர் மட்டும் போதுமா?

கான்டாக்ட் என்பது பதிவு செய்த ஒலித்துணுக்குகளை (சாம்பிள்களை) வைத்து இசைக்கருவிகளை ஒலிக்கச் செய்யும் சாம்ப்ளர் மென்பொருள். அதன் போர்ட்டபிள் (நிறுவாமலே இயங்கும்) பதிப்பைப் பென்டிரைவில் போட்டால், நாம் உருவாக்கிய இசைக்கருவிகள் எந்தக் கணினியிலும் அப்படியே ஒலிக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நிரல் திறக்கலாம், ஆனால் ஒலி கூடவே வந்துவிடாது.

இசைக்கருவியை வழக்கமாகச் சேமிக்கும் என்கேஐ (.nki) கோப்பில் ஒலியே இருக்காது. கீபோர்டின் எந்தக் கட்டைக்கு எந்த சாம்பிள், அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற விவரம்தான் இருக்கும். ஒலி முழுவதும் தனியாக வேவ் (.wav) போன்ற ஒலிக் கோப்புகளில் இருக்கிறது.

சந்தேகமிருந்தால் நீங்களே பார்க்கலாம். என்கேஐ கோப்பின் அளவைப் பாருங்கள், பெரும்பாலும் சில நூறு கேபிதான் காட்டும். அதன் சாம்பிள் ஃபோல்டரோ பல நூறு எம்பி, சிலசமயம் ஜிபி கணக்கில் இருக்கும். அப்புறம் அந்த ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு இசைக்கருவியைத் திறந்து பாருங்கள். சாம்பிள்களைக் காணவில்லை என்று ஒரு சாளரம் வந்து நிற்கும். (பெயரை மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.)

வேறு கணினிக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால், சேமிக்கும்போது 'பேட்ச் பிளஸ் சாம்பிள்ஸ்' என்ற தேர்வைப் போடுங்கள். சாம்பிள்களும் நீங்கள் சொல்லும் ஃபோல்டருக்குப் பிரதியாகிவிடும். அந்த ஃபோல்டரையும் என்கேஐ கோப்பையும் சேர்த்தே நகர்த்துங்கள்.