கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போகக் கூடாதா?

தமிழ்நாட்டில் எந்தக் கட்சியின் நீக்க அறிவிப்பை எடுத்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். கொள்கை, கோட்பாடுகளுக்கு முரணாகச் செயல்பட்டார், கட்டுப்பாட்டை மீறினார், ஆகவே அடிப்படை உறுப்பினர் பதவி உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார், தொண்டர்கள் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. என்ன செய்தார், எப்போது செய்தார், அவரிடம் விளக்கம் கேட்டார்களா என்ற விவரமெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

அப்படி நீக்கப்பட்டவர் வழக்குப் போட்டால், "உட்கட்சி விவகாரத்தில் கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். நன்றாகப் படித்தவர்களும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நியாயமானதாகத் தோன்றினாலும், யார் கையில் கட்சி அலுவலகத்தின் சாவி இருக்கிறதோ அவருக்கே அது உதவுகிறது. நீதிமன்றம் ஒதுங்கி நின்றால் இரு தரப்புக்கும் பொதுவாக நிற்பதாக ஆகிவிடாது. நீக்கும் அதிகாரம் உள்ளவர் செய்ததே கடைசி முடிவாகிவிடும்.

சட்டத்தில் தடை ஏதும் இருக்கிறதா? இந்தியாவில் இல்லை. கட்சி அரசின் அங்கம் இல்லை என்பதால், அரசு அமைப்புகளுக்கு எதிராகப் போடும் ரிட் மனு பொதுவாக நிற்காது. ஆனால் கட்சியின் சட்டவிதிகள் உறுப்பினர்களுக்கு இடையிலான ஒப்பந்தம் மாதிரி. அதை மீறினால் சிவில் வழக்குப் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தடை செய்யப்படாத எல்லா சிவில் வழக்குகளையும் விசாரிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. நீக்கியது சரியா தவறா என்று நீதிபதி தராசு பிடிப்பதில்லை. விதிப்படி நடந்ததா, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பு கொடுத்தார்களா, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவா என்றுதான் பார்ப்பார். சங்கம், கிளப் போன்றவற்றின் உறுப்பினர் நீக்கத்தில் உச்ச நீதிமன்றம் 1960களிலேயே வகுத்த எல்லை இது. இதில் அரசியல் எங்கே வந்தது?

மலேசியா வேறு வழியில் போனது. அங்கே ஆளுங்கட்சியாக இருந்த அம்னோவின் 1987 உட்கட்சித் தேர்தலில், தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பிரதமர் மகாதீர் 43 வாக்கு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். அதை எதிர்த்து உறுப்பினர்கள் போட்ட வழக்கில், பதிவு செய்யப்படாத கிளைகள் இருந்ததைக் காட்டி 1988இல் உயர் நீதிமன்றம் கட்சியையே சட்டவிரோத அமைப்பு என்று சொல்லிவிட்டது. அதன்பின் 1990இல் சங்கங்கள் சட்டத்தில் 18சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உட்கட்சி விவகாரத்தில் கட்சி எடுத்த முடிவே இறுதி, எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்கிறது அது. தீர்ப்பு தப்பான திசையில் போனது என்று வைத்துக்கொண்டாலும், அதற்காகக் கதவையே அடைத்தது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

இலங்கையில் அரசியலமைப்பே வழி சொல்கிறது. ஒரு எம்.பி.யைக் கட்சி நீக்கினால் ஒரு மாதத்தில் அவருடைய ஆசனம் போய்விடும். அதற்குள் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம், நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் ஆசனம் தப்பும். மூன்று நீதிபதிகள், இரண்டு மாதக் கெடு. அந்தக் கெடு எப்போதும் காக்கப்படுவதில்லை என்பது வேறு விஷயம். சுதந்திரக் கட்சிக்குள் ஜனநாயகம் இல்லை என்று வெளிப்படையாகப் பேசிய திலக் கருணாரத்னவின் நீக்கம் செல்லாது என்று 1993இல் தீர்ப்பு வந்தது. ஜனாதிபதி பிரேமதாசவைப் பதவி நீக்கக் கொண்டுவந்த குற்றப் பிரேரணையில் சேர்ந்த லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க ஆகியோரின் நீக்கத்தை அதே நீதிமன்றம் செல்லும் என்றது. இரண்டு விதமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது, எந்தக் கட்சியும் அதனால் அழிந்துபோகவில்லை.

நம் ஊரில் எம்.எல்.ஏ.வின் நிலைமை இன்னும் மோசம். 1994இல் அதிமுக இரண்டு எம்.எல்.ஏ.க்களை நீக்கியது. சபாநாயகர் அவர்களை எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்று அறிவித்தார். பிறகு வேறு கட்சியில் சேர்ந்ததும் பதவி பறிக்கப்பட்டது. ஜி.விஸ்வநாதன் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதுதான். கட்சி நீக்கினாலும், கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையைப் பொறுத்தவரை நீங்கள் அந்தக் கட்சியின் ஆள்தான், வேறு கட்சிக்குப் போனால் கட்சி தாவியதாகத்தான் கருதப்படும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சி ஒருவரை வெளியே தள்ளிவிடும், ஆனால் அவர் இன்னொரு இடத்துக்குப் போகவும் கூடாது. ஒரு நீக்கத்துக்கு இவ்வளவு விளைவு இருக்கும்போது, அந்த நீக்கம் ஒழுங்காக நடந்ததா என்று யாருமே கேட்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

"சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(சி)யில் இருக்கிறதே, யாரை வைத்துக்கொள்வது என்பது கட்சியின் உரிமை" என்பார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். புதிதாக ஒருவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லக் கூடாது. யார் தலைவர் என்று தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் அரசியல் கட்சி மனமகிழ் மன்றம் இல்லை. வருமான வரி விலக்கு, ஒதுக்கப்பட்ட சின்னம், தூர்தர்ஷனில் தேர்தல் நேரத்தில் இலவசப் பேச்சு நேரம், கொறடா உத்தரவால் சட்டமன்ற வாக்கையே கட்டிப்போடும் அதிகாரம் என எல்லாம் பொதுச் சட்டம் கொடுத்தவை. இத்தனையும் வாங்கிக்கொண்ட அமைப்பு, தான் எழுதிய விதியைத் தானே மீறும்போது மட்டும் தனியார் சங்கமாக மாறிவிட முடியாது.

எனக்கும் நீதிமன்றங்கள் மேல் வருத்தம் உண்டு, அது வேகம் பற்றியது. 2022 அதிமுக பொதுக்குழு வழக்கை நினைத்துப் பாருங்கள். ஜூன் 23 பொதுக்குழுவுக்காக விடிய விடிய விசாரித்து அதிகாலையில் உத்தரவு. ஜூலை 11 பொதுக்குழுவில் ஓ.பன்னீர்செல்வம் நீக்கம். ஆகஸ்ட் 17இல் தனி நீதிபதி ஒரு பக்கம், செப்டம்பர் 2இல் இரு நீதிபதிகள் அமர்வு மறு பக்கம், 2023 பிப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம் அந்த அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. இவ்வளவும் இடைக்கால உத்தரவுகளைச் சுற்றியே நடந்த சண்டை. மூல வழக்கு முடிவதற்குள் கட்சி அடுத்த தேர்தலுக்குப் போய்விடுகிறது. பெரிய தலைவருக்கு மூத்த வழக்கறிஞர்கள் கிடைப்பார்கள். வட்டச் செயலாளரோடு தகராறு செய்து நீக்கப்பட்ட கிளைக்கழக உறுப்பினருக்கு யார் கிடைப்பார்?

ஜெர்மனியின் 1967ஆம் ஆண்டுக் கட்சிகள் சட்டம் இதற்கு ஓரளவு வழி வைத்திருக்கிறது. நீக்கத்தை முடிவு செய்வது கட்சியின் நடுவர் மன்றம். நிர்வாகக் குழுவில் இருப்பவர் அதில் உட்கார முடியாது. மேல்முறையீடு உண்டு, காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டித்தான் பொது நீதிமன்றம். இந்தியாவிலும் சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில் உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்தப் பெரிய கட்சியும் அதை நிறைவேற்ற முனையவில்லை.

நோட்டீஸ், எழுத்தில் காரணம், நீக்கியவர் உட்காராத ஒரு மேல்முறையீட்டுக் குழு, அப்புறமும் தீராவிட்டால் மூன்று மாதத்துக்குள் மூல வழக்கையே முடிக்கும் ஒரு சிவில் நீதிமன்றம். இவ்வளவையும் கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்வதற்கான நிபந்தனையாக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. வாக்குக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள். அவரையும் நாளை ஒரு அறிக்கையில் நீக்கலாம், அவருக்கும் இது தேவைப்படும்.