தஞ்சைப் பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாதா?

"ராஜராஜன் கட்டிய விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது" என்ற பதிவு வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. தவறு. நிழல் தினமும் விழுகிறது.

விமானத்தின் உயரம் சுமார் 216 அடி, அடிப்பகுதி ஒரு பக்கம் சுமார் 100 அடி. சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கும்போது, விமானத்தின் நடுவிலிருந்து 216 அடி தள்ளி உச்சியின் நிழல் விழும். அடிப்பகுதிக்குள் அடங்குவது அதில் ஏறத்தாழ 50 அடிதான். மீதி வெளியே. காலை 9 மணிக்கு மேற்குப் பக்கமும் மாலை 4 மணிக்குக் கிழக்குப் பக்கமும் போய்ப் பார்த்தாலே போதும்.

பிறகு ஏன் பலர் நம்புகிறார்கள்? தஞ்சாவூர் இருப்பது வடக்கு 10.8 பாகையில். ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது எந்தக் கட்டடத்துக்கும் நிழல் இராது. ஜூன் மாத உச்சிப்பொழுதில்கூட உச்சியின் நிழல் நடுவிலிருந்து 50 அடிக்குள் நின்றுவிடும். மேலே போகப் போகக் குறுகும் வடிவம் அதை மறைத்துவிடுகிறது. கோடை விடுமுறையில் நண்பகலில் வருபவர் கண்ணுக்குப் படுவது கீழ்ச் சுவர்களின் சிறு நிழல் மட்டுமே.

டிசம்பர் 21 அன்று பகல் 12.12க்குச் சூரிய உயரம் 56 பாகைதான். நிழல் வடக்கே, சண்டிகேசுவரர் சன்னதி இருக்கும் பக்கம், அடிப்பகுதியைத் தாண்டி ஏறத்தாழ 95 அடி நீளும்.

கலசம் கொடுத்த நாளைக்கூடக் கல்லில் பொறித்தவன் ராஜராஜன். அவன் சொல்லாத அதிசயத்தை அவன் பெயரில் ஏற்றாதீர்கள்.